ஞாயிற்றுக்கிழமை எண்

பக்கத்து அறையிலிருந்து அவளுடைய குரலே அவளுக்குக் கேட்டது.

“இன்று விடுமுறை. வீட்டுக்கு வந்து நோயாளியைக் கவனிக்கும் நர்ஸ் வேண்டுமானால் இந்த எண்ணை அழையுங்கள்” என்று கனிவாகச் சொல்லி, ஓர் எண்ணை நிறுத்தி நிறுத்தி வாசித்தது அந்தக் குரல். கடைசி இரண்டு இலக்கம் ஐந்து, மூன்று.

லைன் அக்காவின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. மூன்று, ஐந்து அல்லவா?

எழுந்து ஓடினாள். ஞாயிற்றுக்கிழமைப் பதிவைக் கணினிக்காரர் புது இயந்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை போடுங்கண்ணே.”

“உங்க குரல்மேல உங்களுக்கே அவ்வளவு ஆசையா?” என்று சிரித்தபடி போட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

ஐந்து, மூன்று. சந்தேகமே இல்லை. நான்கு மாதம், பதினேழு ஞாயிற்றுக்கிழமை.

அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எப்பேர்ப்பட்ட இடி என்பது புரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கணவர் லாரியில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தபோது, சக்கர நாற்காலி கேட்டு அவள் ஏழு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஏழு பேரும் வேறு வேறு எண்ணைச் சொல்லி வைத்துவிட்டார்கள். அன்று போனைக் கட்டிக்கொண்டு அழுதவள், அடுத்த வருடமே இந்த உதவித் தொலைபேசியில் வேலைக்குச் சேர்ந்தாள். யாருக்கும் வெறும் எண்ணைக் கொடுத்து அனுப்புவதில்லை என்பது அவள் வைராக்கியம். முதியோர் உதவியோ, மனநல மருத்துவரோ, மறுமுனையில் ஓர் ஆள் எடுத்துப் பேசும்வரை தானும் இணைப்பிலேயே இருப்பாள். “ராத்திரி தூக்கத்துலகூட லைன்லயே இருங்கன்னு சொல்றா” என்று கணவர் ஊரெல்லாம் கேலி செய்வார். அலுவலகத்தில் அவளுக்கு ‘லைன் அக்கா’ என்ற பெயர் வந்ததும் அதனால்தான். வார நாட்களில் தவறு நடக்க வழியில்லை. ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அந்தப் பதிவு. அதில்தான் சறுக்கியிருக்கிறாள்.

“அக்கா, ஒரு புகார்கூட வரலையே. யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க” என்றார் கணினிக்காரர்.

“கூப்பிட்டவங்க புகார் சொல்ற நிலைமையில இல்லாம இருந்திருந்தா?”

அவள் அந்தத் தவறான எண்ணையே அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். கரகரத்த ஆண்குரல்.

“வீட்டு நர்ஸ்தானே வேணும்? பதறாதீங்கம்மா. பேரு, தெரு, மாடியா கீழ்வீடான்னு சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்.”

தான் யார் என்பதை எப்படியோ திக்கித் திக்கிச் சொன்னாள்.

“இன்னைக்கு மழை, எனக்கு வேலையில்ல. நானே நேர்ல வரேன்மா.”

ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார். அறுபதை நெருங்கும் பெயிண்டர். நகக்கண்ணில் நீலம், காதோரத்தில் வெள்ளை. சட்டைக்குள்ளிருந்து நனையாமல் எடுத்து மேசையில் வைத்தார் ஒரு கட்டு அட்டைகளை. பெயிண்ட் கடையில் நிறம் காட்டத் தரும் அட்டைகள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பெயர், தெரு, வயது, நோய். இருபத்து மூன்று பேர்.

“மொத ஞாயித்துக்கெழமை ஒரு பொண்ணு. அப்பாவுக்கு மூக்குல போட்ட சாப்பாட்டுக் குழாய் கழண்டுடுச்சுன்னு அழுவுது. ராங் நம்பர்னு சொல்ல வாய் வரலம்மா. அந்த நர்ஸ் ஆபீசுக்கு நான்தான் பெயிண்ட் அடிச்சேன். போர்டுல இருக்கிற நம்பர் என் நம்பரோட தம்பி மாதிரி இருக்கேன்னு அப்பவே நெனச்சிருக்கேன்.”

“சரியான நம்பரைச் சொல்லியிருக்கலாமேய்யா?”

“எப்படிம்மா? ஏற்கெனவே ரெண்டு எடத்துல கேட்டு அலுத்துப்போய் வராங்க. மூணாவதா ஒரு நம்பர் சொன்னா விட்டுடுவாங்க. அதான் விவரத்தை எழுதிக்கிட்டு, நானே ஆபீசுக்குப் பேசி, நர்ஸ் கெளம்பிட்டாங்கன்னு தெரிஞ்சப்புறம் அவங்களுக்குத் திரும்பச் சொன்னேன்.”

எட்டு வருடமாக லைன் அக்கா தவமாகச் செய்துவந்ததை, யாரும் சொல்லித் தராமல், சம்பளமில்லாமல், ஒரு மனிதர் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்திருக்கிறார்!

“எங்களுக்கு ஏன் சொல்லல?”

“சொல்லலாம்னு அன்னைக்கே உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். நீங்கதான் பேசினீங்க. ரொம்ப மரியாதையா என் நம்பரையே எனக்குக் குடுத்தீங்க.”

கணினிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். பெயிண்டரும் சிரித்தார். பிறகு தலை குனிந்தது.

“மத்த நாள்ல ஏணிமேல நிப்பேன், மறந்துடும். அப்புறம்… உண்மையைச் சொல்லிடறேன். வீட்டுக்காரி போயி மூணு வருசமாச்சு. ஞாயித்துக்கெழமை எனக்கு வேற யாரும் போன் பண்றதில்ல.”

அவள் அட்டைகளை எடுத்துக்கொண்டு போய், நர்ஸ் அலுவலகத்துப் பதிவேட்டை வைத்திருந்தவரிடம் போனில் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். போயாச்சு. போயாச்சு. இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இருபத்து இரண்டு கல் இறங்கின. இளம்பச்சை அட்டை ஒன்று மட்டும் மிஞ்சியது.

“இந்த அம்மா வீட்டுக்கு நர்ஸ் போனதா பதிவு இல்லையேய்யா?”

பெயிண்டர் அந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

“எண்பத்தேழு வயசு. டாக்டர் நாள் குறிச்சுட்டாராம். மக வெளியூர்லேர்ந்து வந்துக்கிட்டிருந்தா, பஸ்லேர்ந்துதான் பேசினா. நர்ஸ் எல்லாரும் வேற வீட்டுல இருந்தாங்க, சாயங்காலம் ஆவும்னாங்க. அதான் சைக்கிளை எடுத்துக்கிட்டு நானே போனேன். எனக்கு வைத்தியமா தெரியும்? உதட்டை நனைச்சேன், கையைப் புடிச்சுக்கிட்டேன். செவுத்துக்கு என்ன கலர் அடிக்கலாம்னு கேட்டாங்க. சொல்லிக்கிட்டே இருந்தேன். மக வாசல்ல நுழையற நேரத்துக்கு அந்தம்மா போயிட்டாங்க. நர்ஸ் வேணாம்னு ஆபீசுக்குச் சொல்லிட்டேன்.”

லைன் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆயிரக்கணக்கான அழுகையைக் கேட்டும் கலங்காத காது அது. இன்று மொத்தமும் உடைந்தது.

“நான் சரியா படிச்சிருந்தா நர்ஸ் முன்னாடியே வந்திருப்பாங்க இல்லய்யா?”

“வந்திருக்க மாட்டாங்கம்மா. அன்னைக்கு ஆளே இல்ல. சரியான நம்பர்னா சாயங்காலம்னு சொல்லி வச்சிருப்பாங்க. அந்தம்மா தனியா போயிருப்பாங்க.”

ஆறுதலுக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. சுவரில் விரிசல் எங்கே என்று காட்டுகிறவரைப் போலச் சொன்னார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கி முன் உட்கார்ந்தாள். தவறு தவறுதான், அடுத்த ஞாயிறு மூன்றே நாளில். பெயிண்டர் பக்கத்தில் நிற்க, எண்ணை வாசித்தாள். மூன்று, ஐந்து. அவர் தலையாட்டினார்.

“இனிமே என் போன் தூங்கும்” என்றார், சிரிக்க முயன்று.

“விடமாட்டேன். இந்த இருபத்து ரெண்டு வீட்டுலயும் எப்படி இருக்காங்கன்னு விசாரிக்கணும். நீங்க பேசினாத்தான் அவங்களுக்கு அடையாளம் தெரியும். மேலாளர்கிட்ட நான் கேக்கறேன். ஞாயித்துக்கெழமை வந்து இந்த நாற்காலியில உக்காருவீங்களா?”

அவர் நாற்காலியைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். “பெயிண்ட் ஒட்டிக்குமேம்மா” என்றார்.

“ஒட்டட்டும்.”

அவர் அட்டைக் கட்டைத் திரும்ப எடுத்துச் சட்டைக்குள் பத்திரப்படுத்தினார். இளம்பச்சை அட்டையை மட்டும் அவளிடம் விட்டார். அதில் அந்த மகளின் எண் இருந்தது. தவறான எண்ணைக் கொடுத்ததை அவளிடம் சொல்ல வேண்டியவள் லைன் அக்காதான் என்பது இருவருக்கும் தெரியும்.

எந்த அதிகாரி வந்தாலும் நாற்காலியைவிட்டு எழாதவள், வாசல்வரை கூடவே நடந்து போய்க் கைகூப்பினாள். பெயிண்டர் கூச்சத்தோடு ஈரச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அந்தக் காலடிச் சத்தம் தேயும்வரை நின்றிருந்துவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.