தினமும் ஒரு தம்ளர் மிளகு ரசம்

1. 1962-ஆம் வருடம் மார்ச் மாதம் எனக்குக் கல்யாணமாகி, பம்பாய் தாராவியில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிவந்தேன்.

2. கணவருக்கு மாட்டுங்காவில் ஓர் இரும்புப் பட்டறையில், உலைக்குப் பக்கத்தில் வேலை. எனக்குச் செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது.

3. சாயங்காலம் அவர் திரும்பும்போதெல்லாம் மூக்கும் கன்னங்களும் செம்பு மாதிரி சிவந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படி இல்லை.

4. தெருக்குழாயில் முகத்தை நன்றாகக் கழுவிய பிறகே அறைக்குள் வந்தார்.

5. அவர் குடிக்கிறார் என்று நினைத்தேன்.

மதுவிலக்கு இருந்த ஊர்தான். ஆனால் எங்கள் சந்துகளில் சாராயம் கிடைக்காத நாளே கிடையாது. என் அக்காவின் குடும்பம் குடியால்தான் குலைந்தது. அதனால் ஒரு மாதம் கவனிப்பது, உறுதியானால் அப்பாவுக்கு எழுதிவிட்டு ஊருக்கே போய்விடுவது என்று தீர்மானித்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நோட்டில் தேதியும் முகத்தின் நிறமும் குறித்துவந்தேன். சட்டையை முகர்ந்தும் பார்த்தேன். எண்ணெயும் இரும்பும்தான் மணத்தன.

பக்கத்து அறை அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பம்பாய்ல மூஞ்சி செவந்து வாற ஆம்பளைக்கு வேற என்ன சீக்கு இருக்கும்ட்டி? மிளகு ரசம் சுடச்சுடக் குடு. உள்ள போனதெல்லாம் வேர்த்து வெளிய வந்துரும்."

அன்றிலிருந்து அவர் வந்து உட்கார்ந்ததும் ஆவி பறக்க ஒரு தம்ளர் கொடுத்தேன். கண்ணில் நீர் வரக் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்பார். சிவப்பு கூடிக்கொண்டே போனது. குடியும் கூடுகிறது என்று எழுதிக்கொண்டேன்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. அன்று அவர் வாசலைத் தாண்டவே இல்லை. எனக்குச் சளி பிடித்திருந்ததால் சாயங்காலம் ரசம் வைத்து, அவருக்கும் ஒரு தம்ளர் கொடுத்தேன். பாதி குடிப்பதற்குள் என் கண்ணெதிரே அவர் முகம் சிவந்தது.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் செய்யவே கூடாத தவறு: சோதிக்கிற பொருளில் தினமும் நானே ஒன்றைக் கலந்துவிட்டு, முடிவை அவர் பேரில் எழுதியிருக்கிறேன்!

"எரியுதா?" என்று கேட்டேன்.

"எப்பவும் எரியத்தான் செய்யும். உலைக்கிட்ட நின்னா எரியும், வெயில்ல நடந்தா எரியும்."

"பெறகு ஏன் தினமும் குடிச்சிய?"

"வேலைக்கும் போயிட்டு வந்து எனக்குன்னு வச்சுத் தாற. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"போலீஸ் ஹவல்தார் ரெண்டு தடவ நடுரோட்டுல நிறுத்தி வாய ஊதச் சொன்னான். மேஸ்திரியும் கேட்டாச்சு. நீயும் கேட்டுருவியோன்னுதான் மூஞ்சியக் கழுவிட்டு வாறேன்."

நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முழுவதையும் படித்தார். "கையெழுத்து நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார். அதற்குத்தான் நான் அழுதேன்.

மறுவாரம் சயானில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். உட்காருவதற்குள் அவர் கேட்ட முதல் கேள்வி, "தாரு பீதா ஹை?" குடிப்பாரா என்றுதான். என் கணவர் தலையைக் குனிந்தார். எனக்குத் தெரிந்த கொஞ்ச இந்தியில், ஒருநாளும் இல்லை என்று நான் முந்திக்கொண்டேன்: "நஹி, டாக்டர். கபி நஹி."

தோலுக்கடியில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் சட்டென்று விரிந்துகொள்வதால் வரும் சிவப்பு இது, குடிக்காதவர்களுக்கும் வரும், மற்றவருக்குத் தொற்றாது, அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டர். முகத்தில் பொரிப்பொரியாக வந்திருந்ததற்கு மாத்திரை எழுதினார். எதெல்லாம் தூண்டுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், கவனித்துக் குறித்து வாருங்கள் என்றார்.

இந்த முறை இருவரும் சேர்ந்து குறித்தோம். உலை, பகல் வெயில், கொதிக்கிற டீ, மிளகு, காரம், கடுமையான சோப்பு. மேஸ்திரியிடம் டாக்டரின் சீட்டைக் காட்டி, உலையிலிருந்து தள்ளி வேலை வாங்கிக்கொண்டார். வெயிலில் குடை பிடிக்கக் கூச்சப்பட்டவர், பிறகு பழகிக்கொண்டார்.

இது நடந்து ஐந்து வருடங்கள் ஆகின்றன. நோய் முழுதும் போகவில்லை. கோடையில் மூக்கு சிவக்கிறது, இரண்டு மூன்று நாளில் தணிகிறது. ஒருவரை எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தாலும் கேட்காமல் தெரிந்துகொள்ள முடியாதவை உண்டு என்று புரிந்ததால், எதுவானாலும் இப்போது முதலில் அவரைக் கேட்டுவிடுகிறேன்.