பாடி பாலத்தடியில் நின்ற வண்டி

பாடி மேம்பாலத்தடியில் என் சாமான் ஏற்றிய லோடு வண்டி நின்றுவிட்டது. ராகு காலத்துக்கு முன் பாரிவாக்கத்துப் புது வீட்டில் பால் காய்ச்சியாக வேண்டும். உதவிக்கு வந்த இன்னொரு வண்டிக்காரரோ, எங்கள் டிரைவரோடு செல்போனில் அமெரிக்க வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"அங்க ஃபோர்டுதான் மாமே நெறைய விக்குது," என்கிறார் வந்தவர்.

"வித்தா போதுமா? செவர்லேதான் வருசக்கணக்கா உழைக்குது."

எனக்குப் பேசக் கூச்சம். ஆனாலும் மெல்லக் கேட்கிறேன்.

"நைனா, இதுல எது தள்ளுனா கெளம்பும்?"

டிரைவர் சிரித்துவிடுகிறார். "நம்மளுதுதான் ஆயா! நீ உக்காரு. மச்சான், தள்ளுடா!"

வந்தவர் பின்னால் தள்ள, வண்டி இருமிக்கொண்டே கிளம்புகிறது. கண்ணாடியில் பார்க்கிறேன். மறுபடி நின்றால் சாமானை மாற்றிக்கொள்ள, அவர் தன் காலி வண்டியில் எங்கள் பின்னாலேயே வருகிறார். நல்லாயிருப்பா என்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டுகிறேன். அவர் ஹாரன் அடிக்கிறார்.