நான் வெட்டிய உவமை

பத்திரிகை வேலையில் 'போல' என்ற சொல்லை நான் வெட்டிய அளவுக்கு வேறெதையும் வெட்டியதில்லை. "கடல்போல் திரண்ட கூட்டம்" என்று நிருபர் அனுப்பினால் கூட்டம் மட்டும் அச்சுக்குப் போகும். உள்ளதை உள்ளபடி சொல்வதையும் தன்மை நவிற்சி என்று ஓர் அணியாகத் தமிழில் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஒன்று போதும் என்று இருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு மகளை நம்பிக் கொச்சிக்கு வந்தேன். அவள் இருப்பது காக்கநாட்டில், அடுக்ககத்தின் உச்சியில். அந்த உயரம் எனக்கு ஒத்துவரவில்லை. மட்டாஞ்சேரியில் ஓர் அரிசிக் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிறேன். கடைக்காரர் இங்கேயே பிறந்த தமிழ் முஸ்லிம். பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை சாரே என்பார்.

அவர் வாயில் எந்தப் பொருளும் அதன் அளவில் இருக்காது. மழை பெய்தால் படகுத்துறையே மிதந்துபோகும். அரிசி லாரி தாமதமானால், "டிரைவர் ஆந்திராவுல நெல்லு நட்டு, அறுத்துக் கொண்டுவர்றான்."

"கொஞ்ச நேரம்தானே ஆச்சு, பாய்?"

"சாரே, உங்ககிட்ட பேசறதும் டைம்டேபிள் வாசிக்கறதும் ஒண்ணுதான்."

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை. சாயா குடித்துவிட்டு வந்தவன் மாடிப்படி ஏறாமல் அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சாரே, முகம் வெளுத்த பேப்பராட்டம் இருக்கு?"

"தெரியல பாய். நெஞ்சுமேல யாரோ ஒரு மூட்டையை இறக்கி வச்சிட்டு, சாயா குடிக்கப் போயிட்ட மாதிரி இருக்கு."

கண்ணெதிரே இருந்ததை எடுத்துச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அவர் சிரித்தார். பிறகு என் சட்டை வியர்வையில் நனைந்திருப்பதைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கி ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். கடையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். என்னை ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி போகும்வரை டிரைவருக்கு வழி மட்டும் சொன்னார். அது எனக்குப் புதிது.

அவசரப் பிரிவில் இளம் பெண் டாக்டர் ஒருவர். என்ன செய்கிறது என்று மலையாளத்தில் கேட்டார். ஆட்டோவில் வரும்போதே பதிலைத் திருத்தி வைத்திருந்தேன். நெஞ்சில் லேசான அசௌகரியம், வலி இல்லை, ராத்திரி சாப்பிட்டது லேட், அநேகமாக கேஸாக இருக்கும். தெளிவாக, ஒரு சொல் கூடாமல் சொன்னேன். டாக்டர் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதத் தொடங்கினார். பக்கத்துக் கட்டிலில் கை முறிந்த ஒருவர் அலறிக்கொண்டிருந்தார். டாக்டரின் கண் அங்கே போனது.

"டாக்டரே, நில்லுங்க," என்றார் பாய். "இவரு பத்திரிகையில இருந்த ஆளு. எல்லாத்தையும் வெட்டித்தான் சொல்வாரு. கடையில வச்சு எங்கிட்ட சொன்னது இதல்ல." மலையாளத்துக்கு மாறி என் வாக்கியத்தை முழுசாக ஒப்பித்தார். மூட்டை, இறக்கி வைத்தவன், அவன் போன சாயாக்கடை, எதையும் விடவில்லை. கூட்டவும் இல்லை.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"மூட்டை எவிடெயா? நடுவிலோ?" என்று என்னிடம் கேட்டார்.

"நடுவில்."

"அதன் பாரம் வேறெங்காவது இழுக்கிறதா? தோள், கை, தாடை?"

இடது தாடை கனத்தது. அதை அதுவரை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவர் கேட்ட பிறகுதான் அது இருப்பதே தெரிந்தது. உவமைக்கும் பொருளுக்கும் இடையே பொதுவாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும் எனப் பள்ளியில் படித்திருக்கிறேன். அந்த டாக்டர் அதைத்தான் பார்த்தார். பாரம், இடம், பரவும் வழி. அடுத்த நிமிடம் என் நெஞ்சில் ஈசிஜி ஒயர்கள் ஒட்டியிருந்தன. பிறகு ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி, அடைத்திருந்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட். வலி என்று சொல்லாமல் கனம் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர் என்று அங்கே ஒரு நர்ஸ் சொன்னார்.

அங்கே ஸ்டென்ட் வைக்க உள்ளே கொண்டுபோகும் முன், பாய் என் மகளிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "ஒண்ணுமில்ல மோளே. சாருக்கு கொஞ்சம் க்ஷீணம். ஓடிப்பிடிச்சு வராதே, மெதுவா பாத்து வா." ஒரு தூறலை ஊர் முங்கும் வெள்ளமாக்குகிறவர், அன்றைக்கு வெள்ளத்தைத் தூறலாக்கினார். பதற்றத்தோடு அவள் ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது என்று நினைத்திருக்கிறார். மிகைப்படுத்தலை நான் அறியாமையின் அடையாளமாக எண்ணிவந்தேன். அவருக்கு அளவு தெரியாமல் இல்லை. எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது, எப்போது அப்படியே சொல்வது என்று அவர் தேர்ந்துகொள்கிறார்.

வீடு திரும்பியதும் தெருவுக்கே கேட்கும்படி எனக்குப் புகழ்மாலை. "சாரைப் போல புத்தியுள்ள ஆளு மட்டாஞ்சேரியிலயே கிடையாது. ஹார்ட் பூட்டிக்கிட்டுப் போற நேரத்துலயும் கேஸுன்னு கண்டுபிடிச்சாரு!" வஞ்சப்புகழ்ச்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

நன்றி சொல்லப் போனேன். எத்தனை விதமாக எழுதிப் பார்த்தும் தேறாமல், "நீங்க இல்லேன்னா நான் இல்ல, பாய்" என்று மட்டும் சொன்னேன்.

"நான் என்ன செய்தேன்? நீங்க சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்," என்றபடி அவர் அரிசியை அளந்துகொண்டிருந்தார்.

மறுபரிசோதனைக்கு முதல் ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டரிடமே போனபோதும் பாய் கூட வந்தார். எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். கனம் இல்லை, படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, வேறொன்றும் இல்லை என்றேன். டாக்டர் எழுதவில்லை. பாயைப் பார்த்தார்.

பாய் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"சரியாணு டாக்டரே. இன்னைக்கு ஒண்ணும் வெட்டல."

அதன் பிறகுதான் டாக்டர் எழுதத் தொடங்கினார்.