எபிரேயப் படமும் ஒரு துரும்பும்

மேட்டுப்பாளையத்தில் எங்கள் சோப்புக் கம்பெனிச் சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ்: "எபிரேய மொழித் திரைப்படம். அனுமதி இலவசம்." எபிரேயம் என்றால் எங்கள் வேதாகமத்தின் மொழி. அதுவும் தவக்காலம். ஏசுநாதர் படமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, முக்காடும் ஜெபமாலையுமாகக் கிளம்பினேன். என்னோடு பெட்டி அடுக்கும் கார்குழலியையும் இழுத்துக்கொண்டு போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விளக்கு அணைந்தால், திரையில் ஏசுவும் இல்லை, சீடர்களும் இல்லை. ஒரு புருஷன் வேறொருத்தியோடு கட்டிலில் கிடக்கிறான்!

"பிலோமினாக்கா, இதுல சாமி எப்ப வரும்?" என்றாள் கார்குழலி.

எழுந்து ஓடியிருப்பேன். அதற்குள் அவள் படத்தில் மூழ்கிவிட்டாள். அந்தப் புருஷன் வாரமெல்லாம் வைப்பாட்டி வீட்டில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வந்து கதவைத் தட்டுவான். பெண்டாட்டி மெழுகுவத்தி ஏற்றி, தட்டு வைத்துப் பரிமாறுவாள். கீழே தமிழில் எழுத்து ஓடியது, ஓடாவிட்டாலும் புரிந்திருக்கும். கடைசி வெள்ளிக்கிழமை அவன் தட்டுகிறான். அவளோ அவனுக்கு வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்து, நிதானமாகச் சாப்பிடுகிறாள். உடனே லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

"முடிவே சொல்லலையே" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்.

கார்குழலி திரும்பி, "முடிஞ்சிருச்சுங்க. அவதான் சாப்ட்டாளே" என்றாள்.

அவளுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? அவள் புருஷன் கலைவாணன் மினி லாரி ஓட்டுகிறவன். திண்டிவனத்தில் ஒருத்தியோடு குடித்தனம். ஞாயிற்றுக்கிழமையானால் மீனும் கையுமாக இவள் வீட்டுக்கு வந்து, குழம்பு வைக்கச் சொல்லித் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே போவான். அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பஞ்சாயத்தார் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டால் புருஷன் பெண்டாட்டி உறவு அறுந்தது. ஆனால் கிள்ளுவது ஆம்பிளைதான். "கிள்ள மாட்டேன். சாகற வரைக்கும் அவ எம் பொண்டாட்டி" என்று மீசையை முறுக்குவான்.

படம் பார்த்த அடுத்த ஞாயிறு, அவன் வந்தபோது கதவு உள்பக்கம் தாழ். ஜன்னல் வழியாகப் பார்த்தான். கார்குழலி தானே வாங்கிய வஞ்சிரத்தைக் குழம்பு வைத்து, அவன் தட்டிலேயே போட்டு, முள் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான். அவள் இன்னொரு துண்டு போட்டுக்கொண்டாள்.

மானம் போச்சென்று அந்த மடையனே பஞ்சாயத்தைக் கூட்டினான். சொந்தக் காசில் சூனியம்! நானும் போய்ப் பெண்கள் பக்கம் நின்றேன். தலைவர் கலியபெருமாள் நடுவில் ஒரு வைக்கோல் துரும்பை வைத்தார்.

"வாழறியா, கிள்றியா? சொல்லுப்பா."

"வாழறேன். அவளக் கதவத் தொறக்கச் சொல்லுங்க."

கார்குழலி விறுவிறுவென்று நடுவில் வந்தாள். துரும்பை எடுத்து, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து, கிள்ளி, அவன் காலடியில் போட்டாள்.

"பொம்பள கிள்ளுனா செல்லாது!" என்று குதித்தான் கலைவாணன்.

"செல்லாதுன்னா எடுத்து ஒட்டிக் குடு. வரேன்" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கலியபெருமாளுக்கே அடக்க முடியவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒட்ட முடியுமா கலைவாணா? முடியாதில்ல? அப்பத் தீந்துபோச்சு, கெளம்பு" என்றார்.

பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல். தவக்காலமாவது ஒன்றாவது, நான் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தேன்.