டாக்பேக்கில் பேசிய தமிழ்

1. ஹாஃப் டைம்

நான் புரொடியூசராக இருந்த மல்யுத்த ஷோ ஞாயிறுதோறும் மாலை ஏழரை மணிக்கு லைவாகப் போகும். பூனாவில் வாகட் தாண்டி ஒரு பழைய குடோனை செட்டாக மாற்றியிருந்தோம். நடுவில் ரிங், சுற்றிலும் கேலரி, வெளியே ஒளிபரப்பு நடக்கும் ஓபி வேன். யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். விழுகிற அடிகள் மட்டும் எழுதப்பட்டவை அல்ல. பலகையின் மேல் விழுந்தால் வலிக்கத்தான் செய்யும்.

அதே ஏழரைக்கு வேறொரு சேனலில் ஃபுட்பால் லீக் தொடங்கியது. முதல் வாரத்திலேயே எங்கள் பார்வையாளர்களில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. மும்பையிலிருந்து எங்கள் சேனல் ஹெட் மெஹ்தா வந்தார். வேனில் ஒரு மானிட்டரை அந்த ஃபுட்பாலுக்கு ஒதுக்கச் சொன்னார்.

"வித்யா, மேட்ச் நடக்கும்போது ஒருத்தனும் ரிமோட்டைத் தொட மாட்டான். ஹாஃப் டைம்ல தொடுவான். ஹாஃப் டைம் ஹமாரா ஹை. பாக்கி சப் உன்கா."

இடைவேளை நம்முடையது, மற்றதெல்லாம் அவர்களுடையது. அன்றிலிருந்து ஷோவின் பெரிய ஜம்ப், பெரிய விழுகை எல்லாவற்றையும் எட்டே காலுக்கு, அங்கே விசில் அடிக்கும் நேரத்துக்குப் பொருத்தினேன். பார்வையாளர்கள் கொஞ்சம் திரும்பி வந்தார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

2. மாஸ்டர்

எங்கள் ரெஃபரி அந்தோணி அண்ணன். லோஹேகாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் திருநெல்வேலி. பிறந்து வளர்ந்தது பூனாவில்தான் என்றாலும் வீட்டுத் தமிழ் மாறவில்லை. ரிங்கில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'.

இந்த ஷோவில் ரெஃபரியின் வேலை மூன்று எண்ணுவது மட்டுமல்ல. காதில் இயர்பீஸ், காலரில் சின்ன மைக். வேனிலிருந்து நான் டாக்பேக்கில் சொல்வதை அவர் வீரர்களின் காதில் போடுவார். 'இழு', 'முடி', 'ஜம்ப்'. வீரருக்கு நிஜமாகவே அடிபட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேல் எக்ஸ் போல வைப்பார். அதைப் பார்த்தால் நாங்கள் உடனே நிறுத்த வேண்டும்.

அவரும் நானும் டாக்பேக்கில் தமிழில்தான் பேசுவோம். வேனில் இருந்த மற்றவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. டைரக்டர் சிரிப்பார்: "ஆப் தோனோ கா சீக்ரெட் கோட்." உங்கள் இருவரின் ரகசிய மொழி என்று அர்த்தம்.

அந்த சீசனில் எங்கள் பெரிய நட்சத்திரம் கணேஷ். ஏரவாடாக்காரர். தாலிம் என்கிற குஸ்திக் கூடத்தில், மண்ணில் குஸ்தி கற்று வந்தவர். கயிற்றின் உச்சியில் ஏறி முதுகுப்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து எதிராளியின் மேல் விழுவார். அவருக்கு அந்த ஜம்ப்பைப் பாதுகாப்பாகச் செய்யச் சொல்லிக்கொடுத்தவர் மாஸ்டர்தான். கணேஷ் ஒவ்வொரு முறையும் ரிங்கில் ஏறுமுன் அவர் காலைத் தொடுவார்.

3. இரண்டு நிமிடம்

அந்த ஞாயிறு எட்டேகால் ஆயிற்று. ஃபுட்பாலில் ஒரு ஆட்டக்காரர் முன்பே அடிபட்டு நேரம் போயிருந்ததால், முதல் பாதியை நீட்டிவிட்டார்கள். எங்கள் பக்கம் கணேஷ் ரிங்குக்கு வெளியே விழுந்து, கழுத்தைப் பிடித்தபடி உள்ளே ஏறினார். நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். நடிப்பதுதான் வேலை.

இயர்போனில் அந்தோணி அண்ணன் குரல் வந்தது.

"வித்யா, இவனுக்கு இடது கை விரல் மரத்துப் போச்சாம். நிஜமாத்தான் சொல்லுதான். முடிச்சிருவோமா?"

நான் ஃபுட்பால் மானிட்டரைப் பார்த்தேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, அங்க இன்னும் விசில் அடிக்கல. ரெண்டு நிமிஷம் இழுங்க. அந்த ஜம்ப்பை மட்டும் வாங்கிடுங்க."

"ஜம்ப் வேணாம்மா."

"அண்ணே, ப்ளீஸ். இந்த வாரம் விட்டா ஷோவே போயிடும்."

திரையில் அவர் குனிந்து கணேஷின் காதருகே ஏதோ சொல்வது தெரிந்தது. கணேஷ் தலையாட்டினார். ஏறினார். இடது கை கயிற்றைச் சரியாகப் பிடிக்கவில்லை. அதை நான் குளோஸப்பில் பார்த்தேன். குரல் கொடுக்க அப்போதும் நேரம் இருந்தது. பாதிச் சுற்றில் அவர் உடம்பு திரும்பிவிட்டது. தலை முதலில் இறங்கியது.

அந்தோணி அண்ணன் கைகளை எக்ஸாக உயர்த்தியபோது, பக்கத்து மானிட்டரில் ஹாஃப் டைம் விசில் அடித்தது. சேனலைத் திருப்பி எங்களிடம் வந்தவர்கள் பார்த்தது ஸ்ட்ரெச்சரை.

கணேஷ் உயிர் பிழைத்தார். கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. இடது கைக்குப் பிடிமானம் திரும்பவில்லை. அந்த வாரம் ரேட்டிங் ஏறியிருந்தது. மெஹ்தா போனில் அதைத்தான் முதலில் சொன்னார்.

4. மொழிபெயர்ப்பு

மும்பை ஆபீஸில் விசாரணை. லீகல் டிபார்ட்மென்ட்காரர் ஒருவர் லேப்டாப்பில் டாக்பேக் பதிவைப் போட்டார். என் குரலும் அண்ணன் குரலும் தெளிவாகக் கேட்டன. ரெண்டு நிமிஷம் இழுங்க. ஜம்ப் வேணாம்மா.

"யே கோன்ஸி பாஷா ஹை?"

"தமிழ்."

"என்ன பேசறீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம், நான் எழுதிக்கறேன்" என்றார் இந்தியில்.

மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நான் சொன்னேன்: கையில் லேசாக மரத்திருக்கிறது என்று ரெஃபரி சொல்கிறார். இரண்டு நிமிடம் பாக்கி இருக்கிறது, நீங்கள் பார்த்து முடிவெடுங்கள் என்று நான் சொல்கிறேன். அவர் சமாளிக்கலாம் என்கிறார்.

சொல்வதற்கு முன் நான் திட்டமிடவில்லை. வாய் திறந்தபோது அப்படித்தான் வந்தது. அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அடிபட்ட வீரரை ஆட விட்டதாக அந்தோணி அண்ணனை நீக்கினார்கள். செய்தி லோஹேகாவ் வரை போனது. ஓய்வுக்குப் பிறகு அவர் காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்த மைதானத்தில், இனி வர வேண்டாம் என்றார்கள். ஷோவும் நிலைக்கவில்லை. அடுத்த சீசன் பாதியில் மூடினார்கள். ஃபுட்பால் இன்றும் அதே நேரத்தில் ஓடுகிறது. நான் வேறு சேனலில் பெரிய பதவிக்குப் போனேன்.

5. லோஹேகாவ், ஏரவாடா

நாலு வருடம் கழித்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவரே திறந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"வாம்மா. உக்காரு."

நான் சொல்ல வந்ததை முழுவதும் சொன்னேன். பதிவு, மொழிபெயர்ப்பு, கையெழுத்து. விமானப்படை விமானம் ஒன்று கூரைக்கு மேல் இரைந்து போகும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினார்.

"எனக்குத் தெரியும். நீ எழுதிக் கொடுத்ததை என்கிட்ட வாசிச்சுக் காட்டினாங்கல்ல."

"அப்பவே பொய்னு சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"அந்த ஆபீஸ்ல தமிழ் தெரிஞ்சது நீயும் நானும்தான். உன் தமிழ் சரியா என் தமிழ் சரியான்னு யாரு சொல்லுவா? ஏறுன்னு அவன் காதுல சொன்னது என் வாய்தான். அதுக்கு நான்தான் பதில் சொல்லணும். அதை உன் தலையில கட்ட மாட்டேன். ஆனா 'வேணாம்'னு நான் சொன்னேன்மா. அந்த ஒரு வார்த்தையை நீ எடுத்துட்ட."

மன்னிப்புக் கேட்டேன்.

"நான் என்ன செய்யணும் அண்ணே?"

"கணேஷ்கிட்ட போய்ச் சொல்லு. என்னைக் கண்டா எந்திரிச்சுப் போயிருதான்."

அங்கிருந்து நேரே ஏரவாடா போனேன். கணேஷ் தன் அண்ணனின் டயர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பருத்திருந்தது. இடது கையை மடியில் வைத்திருந்தார். நான் இந்தியில் பேசினேன். இந்த முறை எதையும் விடவில்லை. மாஸ்டர் தடுத்ததையும் நான் கெஞ்சியதையும் அப்படியே சொன்னேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையோங்கியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"ஆஸ்பத்திரிக்கு மாஸ்டர் தினமும் வந்தார், மேடம்" என்றார். "தினமும் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன்."

பிறகு எழுந்தார். உள்ளே பார்த்து அண்ணனிடம் மராத்தியில் ஏதோ சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். எங்கே கிளம்புகிறார் என்று புரிந்தது.

"என் காரில் வாங்க, நான் கொண்டுவிடறேன்" என்றேன்.

அவர் என் காரைப் பார்க்கக்கூட இல்லை. சாலைக்குப் போய் வலது கையை நீட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். "லோஹேகாவ்" என்றார். ஆட்டோ போய்விட்டது.

அந்த லீகல் ஆபீஸுக்குப் புதிதாக ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்பினேன். கம்பெனியே கைமாறிவிட்டது, ஃபைல் மூடியாயிற்று என்று பதில் வந்தது. அண்ணனை நீக்கியது நீக்கியதுதான்.

வேனில் புரொடியூசர் நாற்காலியில் உட்காரப் போகிற இளைஞர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ரிங்கிலிருந்து ஒருவர் 'வேண்டாம்' என்றால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். அன்றைக்கு நிறுத்தத் தவறிவிட்டால், கேட்கிற முதல் ஆளிடமே அதைச் சொல்லிவிடுங்கள். நாலு வருடம் கழித்து நான் சொன்னது உண்மைதான். அது அவர்கள் இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்தது. அது தந்த நிம்மதியில் எனக்குப் பங்கு கிடைக்கவில்லை, கேட்கவும் வாயில்லை.