ஐஸ் பெட்டிக்குப் போட்ட பெல்ட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் தொடங்கிய கதை இது. ஒரு பழைய சாமான் வேனை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினேன். பூ மொத்த வியாபாரி ஒருவர் வைத்திருந்த வண்டி அது. பின்கதவைத் திறந்தால் ஈரத் தழை வாசம் அடிக்கும். கண்ணாடி ஜன்னல் கிடையாது, உள்ளே வெறும் தகரம். என் மனைவி சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பூ விக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

எனக்குப் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் கைப்பேசியில் ஒரே வேன் வீடியோதான். உலகத்தில் யார் யாரோ இப்படி வேனுக்குள் கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்கள். பள்ளி விடுமுறையில் ஹோட்டல் அறை தேடி அல்லாட வேண்டாம், நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாம். அந்தப் பைத்தியம் என்னையும் பிடித்துக்கொண்டது.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, பதினொரு வயது மகள், எட்டு வயது மகன், அப்புறம் என் அக்கா. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டி, "ஒரு ஆம்பளைக்கு ஆக்கிப் போட்டதே போதும்லா" என்பார். அவருக்கு வாய் கொஞ்சம் அதிகம். அவர் இருக்கும் இடத்தில் யாரும் சும்மா உம்மென்று உட்கார்ந்திருக்க முடியாது. சிம்பாங் அம்பாட்டில் ஒரு சோபா தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேலாகத் தையல் வேலை. விடிவதற்கு முன்பே தொழிற்சாலை பஸ் வந்துவிடும். சாயங்காலம் களைத்து வருவார். வந்ததும் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக வேனுக்குத்தான் வருவார்.

"என்னடா, இன்னைக்கு எந்த ஆணிய வளைச்ச?" என்று கேட்பார். நான் பலகை அறுத்துக்கொண்டே எங்கே போகலாம் என்று பேசுவேன். பேசிப் பேசி, கிழக்குக் கரையில் இருக்கும் திரெங்கானு என்று முடிவாயிற்று. "அடுத்த பள்ளி லீவுல நாம திரெங்கானு போறோம்க்கா, கடலோரத்துல வேன நிறுத்திட்டு நாம அங்கேயே படுத்துக்கலாம்" என்றேன். அக்கா ஒரு நாள் கேட்டார். "அந்தப் பக்கம் சூரியன் கடலுக்குள்ள இருந்தா வரும்?" ஆமாம் என்றேன். நம் பினாங்கில் கடலுக்குள் போகிற சூரியனைப் பார்க்கலாம், விடியும்போது அது அக்கரை மலைக்குப் பின்னாலிருந்துதான் வரும். "கடல்ல இருந்து வர்றது எப்படி இருக்கும்? ஈரமா வருமா?" என்று சொல்லிச் சிரித்தார்.

சாமான் வேனின் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் முறைப்படி அனுமதி வாங்கி, பழைய வண்டி உறுப்புகள் விற்கும் கடையிலிருந்து மூன்று பேர் உட்காரும் சீட்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். மூன்று பெல்ட்டும் இருந்தது. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்று மொத்தம் ஐந்து இடம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேனில் இடம் இல்லாமல் போகவில்லை.

படுக்கைக்கு அளவெடுத்த நாள்தான் முதல் தவறு நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே அட்டைப்பெட்டியை விரித்து எல்லோரையும் படுக்கச் சொல்லி டேப் வைத்து அளந்தேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். மனைவி வெட்கப்பட்டுக்கொண்டே படுத்தாள். அக்கா தூணில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "நீயும் படுக்கா" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "என்ன எதுக்குடா அளக்குற? என்னையெல்லாம் கடைசியா பெட்டி செய்யும்போது அளந்துக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, தாளில் நான்கு பேருக்குப் படம் போட்டேன். சீட்டை மடக்கினால் எங்கள் இருவருக்கும் படுக்கை, பின்னால் குறுக்காக மேலும் கீழும் இரண்டு பலகை பிள்ளைகளுக்கு. படம் அழகாக வந்தது. அந்த அழகில் ஐந்தாவது ஆள் எனக்கு மறந்தே போய்விட்டது.

அன்று மரக்கடைக்காரர் பலகை கொண்டுவந்து இறக்கினார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். வேண்டாம் என்றார். விடவில்லையே நான்! இன்னும் இரண்டு தடவை கேட்டு, கையைப் பிடித்து மேலே அழைத்துப்போய் உட்காரவைத்துச் சோறு போட்டேன். யாரோ ஒருவருக்கு மூன்று தடவை கேட்கத் தெரிந்த எனக்கு, கூடப் பிறந்தவளை இரண்டாம் தடவை கேட்கத் தோன்றவில்லை.

துணி வேலை எல்லாம் அக்காதான். சீட் உறை, மெத்தை உறை, திரைச்சீலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலில் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மூன்று சீட்டுக்கும் மூன்று நிறம். மகளுக்கு மஞ்சள், மகனுக்கு நீலம், நடு இடத்துக்கு அரக்குச் சிவப்பு. கடைசியில் தலையணை உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன், ஐந்து இருந்தது. ஐந்தாவதும் அரக்குச் சிவப்பு.

"ஏன்க்கா அஞ்சு?" என்று கேட்டேன்.

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "துணி மிஞ்சிச்சுலா" என்றார்.

நானும் சரி என்று அதை அலமாரியில் போட்டுவிட்டேன். இருபது வருடம் சோபாவுக்குத் துணி தைத்தவர் அவர். கால் முழம்கூட வீணாகாமல் கணக்குப் பார்த்து வெட்டுவார், பிள்ளைகளின் பள்ளிச் சட்டை தைத்தாலும் மிச்சத்தில் ஒரு கைக்குட்டை அளவுகூட வராது. அவருக்கு எப்படித் துணி மிஞ்சும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

புறப்பட ஒரு வாரம் இருந்தது. அக்கா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே, "அக்கா, வர்ற சனிக்கிழமை காலையில கிளம்பி நாங்க அஞ்சு நாள் போயிட்டு வந்துர்றோம். பூச்செடிக்கு மட்டும் தண்ணி ஊத்திரு" என்றேன். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கையிலிருந்த தட்டைக் கழுவி வைத்து, குழாயை மூடிவிட்டு, "போயிட்டு வாங்க. வீட்டையும் யாராச்சும் பாத்துக்கணும்ல" என்றார். நல்ல அக்கா என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு நான் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை அக்கா தொழிற்சாலைச் சட்டையோடு கீழே வந்தார். கையில் ஒரு தூக்கு நிறைய புளிச்சோறு, தனியாக நெத்திலி சம்பல். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். நடு இடத்தில், அவர் தைத்த சிவப்பு உறையின் மேல், நான் பெரிய ஐஸ் பெட்டியைத் தூக்கி வைத்திருந்தேன். வளைவில் சரிந்துவிடக் கூடாதே என்று பெல்ட்டையும் போட்டிருந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அதுக்குப் பெல்ட்டெல்லாம் போட்டாச்சா? பத்திரமா கூட்டிட்டுப் போடா" என்று சொல்லிச் சிரித்தார். நானும் பலமாகச் சிரித்தேன். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

பயணம் நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மலைப்பாதையில் யானை கடக்கும் என்று எச்சரிக்கும் பலகையைப் பார்த்து மகன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாம் நாள் காலை, பின்கதவைத் திறந்து வைத்துக் கடலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். தண்ணீரின் விளிம்பிலிருந்து சூரியன் மேலே வந்தது. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "நல்லா இருக்கு. ஐஸ் பெட்டிய காலி பண்ணி வெயில்ல காய வை, இல்லன்னா நாத்தம் புடிச்சிரும்." அதைப் படித்துவிட்டு நாங்கள் நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த வருடம் அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நின்று வேலை செய்வதால் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். ஒரு நாள் மூச்சு வாங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய போய்விட்டது என்றார்கள். வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும், இதயமும் பலவீனமாக இருக்கிறது என்றார்கள். "திரெங்கானு வரைக்கும் கூட்டிட்டுப் போகலாமா டாக்டர்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது! ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு தூரம், அதுவும் மலைப்பாதையில், வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு, தொழிற்சாலையில் பக்கத்து மிஷினில் தைக்கும் தோழி ஒருவர் ஒரு நாள் மத்தியானம் அக்காவைப் பார்க்க வந்தார். அக்கா தூங்கிக்கொண்டிருந்ததால் ஹாலில் எங்களோடு உட்கார்ந்து பேசினார்.

"அவ அன்னைக்கே உங்களோட வந்திருக்கலாம் தம்பி. அஞ்சு நாள் லீவு எழுதிக் கொடுத்து, அதுவும் கெடச்சிருச்சு. திரெங்கானு போறோம், சூரியன் கடல்ல இருந்து வருமாம்னு எங்க லைன் பூரா சொல்லிட்டா. அப்புறம் அவளே போயி வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டா. ஏன்டின்னு கேட்டா, வேன்ல எடம் பத்தலன்னுட்டா."

அவர் போனபிறகும் நான் எழுந்திருக்கவில்லை. என் மனைவி மெதுவாகக் கேட்டாள். "உங்க அக்கா வெட்டி, துணி மிஞ்சி நீங்க என்னைக்காச்சும் பாத்திருக்கீங்களா?" அவளுக்கும் அப்போதுதான் புரிந்திருக்கிறது. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அக்கா எழுந்ததும் நேரே போய்க் கேட்டேன். "ஏன்க்கா, நானும் வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அக்கா கோபப்படவில்லை. தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "எட்டு மாசமா நாம போறோம், நாம போறோம்னே. நானும் லீவு போட்டேன். கடைசி வாரத்துல வந்து நாங்க போயிட்டு வந்துர்றோம்னே. நீ நாங்கன்னு சொன்னப்புறம், நான் என்னத்தடா சொல்றது?"

'நாங்க' என்பது பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று வாயிலிருந்து விழுந்துவிடும் சொல். நான் யோசித்துச் சொல்லவில்லை, அவரை விலக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. நினைத்து விலக்கியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பார். நினைக்காமலே விலக்கிவிட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வாரமே வேனில் ஐந்தாவது படுக்கை செய்தேன். முன் சீட்டுகளுக்கு மேலே மடக்கி விரிக்கிற மாதிரி ஒரு பலகை, நான்கு கீல். மகன் அதில் ஏறிக்கொண்டால் அவனுடைய கீழ்ப்பலகை அக்காவுக்குப் போதும். அக்கா ஐந்தடிகூட இல்லை. ஒரே ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. எட்டு மாதம் வேலை பார்த்தவனுக்கு அந்த ஒரு மத்தியானம் கிடைக்காமல் போயிருக்கிறது. அந்தப் பலகையில் அக்கா இதுவரை ஓர் இரவுகூடப் படுத்ததில்லை. இனி படுக்கப் போவதுமில்லை.

சிகிச்சை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், உடம்பு கொஞ்சம் தெம்பாக இருந்தால், விடியும் முன் ஜார்ஜ் டவுன் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போகிறேன். முதல் தடவை அவரை நடு இடத்தில் உட்காரவைத்து நானே பெல்ட்டைப் போட்டுவிட்டேன். "ஐஸ் பெட்டிய எங்கடா வச்ச?" என்று கேட்டார். கீழே என்றேன். "பாவம்லா அது" என்றார். அங்கே போனதும் பின்கதவைத் திறந்து, அந்தச் சிவப்புத் தலையணையை முதுகுக்கு வைத்து, கடலைப் பார்க்க உட்காரவைத்தேன். அக்கரையில் வெளிச்சம் வந்தது, மலை தெரிந்தது, அதற்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்த்தது.

"மலைக்குப் பின்னால இருந்துல வருது. கள்ளாட்டம்லா இது" என்றார் அக்கா. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வீட்டில் எதைப் பேசினாலும் 'நாங்க' என்ற சொல் வாய்வரை வரும்போது ஒரு நொடி நின்றுவிடுகிறேன். யாரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அதைச் சொல்லப் போகிறேன் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.