ஒளித்துவைத்த மூன்றாவது மடல்

தொண்ணூறுகள் முடியப்போகும் நேரம். நெய்யாற்றின்கரையில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டி. வீட்டில் தமிழ், சர்ச்சில் தமிழ், பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம். தமிழ் எழுத்துகளை வேதாகமத்தைப் பார்த்துத்தான் கற்றேன். வாசிக்க வரும். எழுத உட்கார்ந்தால் எந்த ‘ந’, எந்த ‘ன’, எங்கே ஒற்று போடவேண்டும் என்று யோசிப்பதற்குள் சொல்லவந்தது மறந்துபோகும். கல்லூரிக் காலத்தில் துணிந்து ஒரு கதையைச் சென்னையில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். திரும்பி வந்த கதையின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி இருந்தது. முதலில் தமிழைக் கற்றுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு ஆறு வருடம் நான் எதுவும் எழுதவில்லை.

சென்டருக்கு இன்டர்நெட் வந்தபோது எங்களுக்கு இருந்தது ஒரே போன் லைன். நெட்டில் இருந்தால் போன் வராது. உரிமையாளர் அதற்கே பதறுவார். காலையில் வகுப்பு தொடங்குமுன் அரை மணி நேரம் மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்தார். அரை மணி தாண்டினால் பின்னால் வந்து நின்று, “மதி டீச்சரே, மதி, ஆளுகள் விளிக்கும்” என்பார். போதும், ஆட்கள் போன் செய்வார்கள் என்று அர்த்தம்.

எனக்கு வந்த முதல் மடல் கல்லூரித் தோழியுடையது. பஹ்ரைனில் நர்ஸாக இருந்தாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். நானும் அப்படியே பதில் எழுதினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் இரண்டு பக்கம். நடுவில் ஓரிடத்திலும் நான் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு ‘n’தானே. எந்த ‘ன’ என்று என்னை யாரும் கேட்கமுடியாது. இறுக்கமான செருப்பைக் கழற்றிவிட்டு நடந்த மாதிரி இருந்தது.

“நமக்க ஊரு கதய இப்படி வாரம் ஒண்ணு எழுதினா என்ன?” என்று அவள்தான் கேட்டாள். இலவசமாகக் கிடைத்த ஒரு மடல் குழுவை நான் திறந்தேன். காஞ்சிரங்குளத்தில் பிறந்து புனேயில் வங்கியில் வேலைபார்த்த ஒரு பெண் சேர்ந்தாள். தோழிக்குத் தெரிந்தவர் மூலம் சிங்கப்பூரிலிருந்து ஓர் இன்ஜினியர் சேர்ந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குழுவைத் தொடங்கியவள் என்பதால் முதல் மடலில் ஒரு வேண்டுகோள் வைத்தேன். ஒருவர் எழுதியதை வாசித்ததும் மனதில் நின்றது என்ன என்று முதலில் சொல்லுங்கள், குற்றம் சொல்வது எழுதியவர் கேட்டால் மட்டும். எல்லாரும் சரி என்றார்கள்.

ஐந்தாவது ஆளிடம் கம்ப்யூட்டரே கிடையாது.

அவர் பனச்சமூட்டில் தையல்கடை வைத்திருந்த ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். சனிக்கிழமைதோறும் லைனிங் துணியும் பட்டனும் வாங்க நெய்யாற்றின்கரைக்கு வருவார். ஒரு சனிக்கிழமை சென்டருக்குள் வந்து, கடைக்குப் போர்டு அடித்துத் தரமுடியுமா என்று கேட்டு, வாசகம் எழுதிய ஒரு தாளை நீட்டினார். தாளின் பின்பக்கத்திலும் நெருக்கி எழுதியிருந்தது. மலையாள எழுத்து. வாசித்துக்கொண்டே போனேன். மூன்றாவது வரியில்தான் எனக்கு உறைத்தது. எழுத்துதான் மலையாளம், மொழி தமிழ்.

“அக்கா, இது யாரு எழுதினது?”

அவர் தாளைப் பிடுங்கப் பார்த்தார். “அய்யோ, அது சும்மாவாக்கும் மக்கா. கடையில ஆளு இல்லாத நேரம் எழுதுவேன். தமிழ் எழுத்து எனக்கு வராது. அதான் மலையாளத்தில.”

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பச்சை ப்ளவுஸ் துணி ஒன்றைத் தைக்கக் கொடுத்துவிட்டுப்போன ஒரு பெண்ணைப் பற்றியது அது. திரும்பிவந்து உடுப்பேன் என்று சொன்னவள் வரவேயில்லை. ப்ளவுஸ் கடையில் தொங்கிக்கொண்டே இருக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுக்கும்போதெல்லாம், “அளவு சரியாட்டு இருக்கணும், கேட்டியா?” என்று அவள் சொன்னது அக்காவின் காதில் விழுகிறது. அவ்வளவுதான் கதை.

கெஞ்சிக் கேட்டு வாங்கி, ஆங்கில எழுத்தில் தட்டிக் குழுவுக்கு அனுப்பினேன். பதில்களை மலையாள எழுத்தில் என் கையால் எழுதி அடுத்த சனிக்கிழமை தருவதாக ஏற்பாடு. குழுவில் மூன்று பேர் வாசிப்பார்கள் என்றும் சொல்லியிருந்தேன்.

பஹ்ரைன் தோழி, வார்டில் நின்றுகொண்டே வாசித்து அழுததாக எழுதினாள். புனேக்காரி தன் அம்மாவின் ஒரு சேலையைப் பற்றி எழுதினாள். மூன்றாவது சிங்கப்பூர்க்காரருடையது. ‘இது தமிழா? பாதி மலையாளம். பறஞ்சா, கேட்டியா என்றெல்லாம் எழுதினால் யாருக்குப் புரியும்? இவர் முதலில் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும்.’

எனக்கு வந்த அதே வரி. சனிக்கிழமை அக்கா வந்தபோது இரண்டு தாள்களை மட்டும் கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, உதடு அசைய இரண்டையும் வாசித்தார். மடித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“மூணு பேருன்னு சொன்னியே. ரெண்டு தாளுதான உண்டு?”

“அவரு... எழுதல்ல அக்கா.”

“எழுதல்லியா, எழுதினது நல்லா இல்லியா?”

என்னால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. மேசை இழுப்பறையில் மூன்றாவது தாளும் எழுதித்தான் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார். மூன்றையும் பையில் வைத்துக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாறேன்” என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

இதற்கிடையில் நான் சிங்கப்பூர்க்காரருக்குக் குழுவிலேயே எழுதினேன். எனக்கு வந்த சிவப்பு மை வரியைப் பற்றியும், ஆறு வருடம் எழுதாமல் இருந்ததைப் பற்றியும் சொன்னேன். ‘நாம் இந்தக் குழுவைத் தொடங்கியது அந்த வரி இன்னொருவருக்குப் போகாமல் இருக்கத்தான்’ என்று முடித்தேன். அனுப்பிய அன்று சாயங்காலமே பெரிய இடி இறங்கியது. சென்டரின் மோடம் கருகிப்போனது. புதியது வர இரண்டு வாரமாகும் என்றார் உரிமையாளர். பதில் வந்ததா இல்லையா என்று பார்க்கக்கூட வழியில்லை. ஐந்து பேர் குழுவில் இரண்டு பேரை ஒரே மாதத்தில் துரத்திவிட்டேன் என்றே நினைத்தேன்.

பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுப் பனச்சமூட்டுக்கு பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்பதற்கான வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து நாலைந்து கடை தள்ளி அக்காவின் கடை. உள்ளே நுழைய இடமில்லை. தரை முழுக்கத் துணி. பாவாடை, சட்டை, ப்ளவுஸ் என்று மெஷினைச் சுற்றிக் குவிந்து கிடந்தது. நடுவில் அக்கா, கழுத்தில் டேப்பும் வாயில் ஊசியுமாக.

“வா மக்கா, வா! அந்தத் துணிய நீக்கிட்டு இரி.”

நான் உட்காரவில்லை. “அக்கா, எனக்க கிட்ட கோவமா?”

அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். “கோவமா? எதுக்கு?”

“ரெண்டு சனிக்கிழமையா வரல்லியே.”

“கிறிஸ்மஸ் வருதுல்லா! இங்க ஆளுகளுக்குத் துணி முடிச்சுக் குடுக்கண்டாமா? நூலு வாங்கக்கூட அடுத்த வீட்டுக்காரியத்தான் விட்டேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார். “நீ அதுக்காட்டா இம்புட்டு தூரம் வந்தே? நல்ல ஆளு! அந்தத் தம்பிக்குப் பதிலும் எழுதி வச்சிருக்கேன்.”

அளவு நோட்டிலிருந்து கிழித்த தாள். அங்கேயே நின்று வாசித்தேன்.

‘தம்பி, நீ சொன்னதில பாதி சரியாக்கும். பறஞ்சான்னு எழுதினது மலையாளம். சொன்னான்னு மாத்தச் சொல்லுறேன். கேட்டியாவ மாத்தமாட்டேன். அது நான் எழுதினதில்ல, அவ சொன்னது. செத்தவ சொன்னத நான் எப்படி மாத்த? எனக்க கதய முழுசா வாசிச்சதுக்கு சந்தோசம். அடுத்ததும் வாசிக்கணும்.’

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. அக்கா அதைக் கவனிக்காத மாதிரி ஒரு குட்டிப் பாவாடையின் விளிம்பை மடித்துக்கொண்டே, “டீ குடிக்கியா?” என்று கேட்டார். அடுத்த கடையிலிருந்து டீ வந்தது. அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்து பட்டன் தைத்துக் கொடுத்தேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே தையல் வேலை அதுதான். அதிலும் நாலு பட்டனை அக்கா பிரித்து மறுபடி தைத்தார்.

மோடம் வந்த காலையில் முதல் ஆளாக நான் உட்கார்ந்தேன். சிங்கப்பூர்க்காரரின் மடல், நான் எழுதிய மறுநாளே வந்து, பதினைந்து நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது. ‘மன்னியுங்கள். நான் அவசரமாகக் கண்ணால் மட்டும் வாசித்துவிட்டேன். நேற்று அறையில் உரக்க வாசித்துப் பார்த்தேன். அப்போது அந்த அம்மாவின் குரல் கேட்டது. என் மடலை அக்காவிடம் காட்டியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.’ அதற்குக் கீழே, என்னிடமிருந்து சத்தமில்லை என்று பயந்து புனேக்காரி இரண்டும் தோழி மூன்றும் அனுப்பியிருந்தார்கள்.

அக்காவின் பதிலை ஒரு சொல்கூட மாற்றாமல் தட்டி அனுப்பினேன். காட்டிவிட்டேன் என்றும், இதுதான் அவர் சொன்ன பதில் என்றும் மேலே ஒரு வரி சேர்த்தேன். அரை மணி தாண்டியிருந்தது. உரிமையாளர் பின்னால் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, திரும்பிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பல வாரங்களுக்குப் பிறகு, உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். பாறசாலை தாண்டியது, நான் இறங்கவேண்டிய இடம் தாண்டியது, எதுவும் தெரியவில்லை. கண்டக்டர் கம்பியைத் தட்டி எழுப்பியபோது பஸ் களியக்காவிளையில் நின்றிருந்தது, தமிழ்நாட்டில். வீட்டுக்கு நடந்தே திரும்பினேன். கொஞ்சதூரம்தான்.